ஃபிரெட்ரிக் சார் கொடுத்த ஒன்பது புள்ளி ஒன்று

சாந்தோம் நெடுஞ்சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்றாவது மாடியில் குடியிருக்கும் ஃபிரெட்ரிக் சாரைப் பார்த்து அக்கம்பக்கத்தில் யாரும் பயந்ததில்லை. தண்ணீர் லாரி வரும் நாளில் குடத்தோடு வரிசையில் நிற்பார். பின்னால் வந்தவர்கள் அவரைத் தாண்டிப் போவார்கள். ஒன்றும் சொல்லமாட்டார். ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி லேப் அசிஸ்டென்டாக இருபத்தாறு வருடமாக ஓட்டிக்கொண்டிருப்பவர். பிளஸ் டூ மாணவர்கள் பிப்பெட்டை உடைத்துவிட்டு, "சார், அது ஏற்கெனவே உடைஞ்சிருந்துச்சு சார்" என்பார்கள். "அப்படியா, சரி" என்று துடைப்பத்தை எடுத்து வருவார்.

இணையத்தில் அவர் எமன்.

'இசைத்தராசு' என்று ஒரு தளம் இருக்கிறது. சினிமாவுக்கு வெளியே, வீட்டில் உட்கார்ந்து தாங்களே பாடிப் பதிவுசெய்து வெளியிடுகிறவர்களின் ஆல்பங்களைக் கேட்டுவிட்டு, பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போட்டு, ஏன் அந்த மார்க் என்று எழுதுகிறவர்கள் கூடும் இடம். உறுப்பினர்கள் ஆயிரத்து நானூறு பேர். எழுதுகிறவர்கள் நாற்பது பேர். மற்றவர்கள் இந்த நாற்பது பேர் அடித்துக்கொள்வதை வேடிக்கை பார்க்கிறவர்கள். நான் நாற்பதில் ஒருவன். மந்தைவெளியில் வீடு, இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை, இசையைப் பற்றி எழுத வேறு தகுதி எதுவும் கிடையாது. இங்கே சொல்லப்போவதில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியை ஃபிரெட்ரிக் சாரும் அவர் மனைவி ஜொவிட்டா டீச்சரும் பின்னால் சொன்னார்கள்.

மற்றவர்கள் ஏழு, எட்டு என்று முழு எண்ணில் மார்க் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் தசமப் புள்ளியைக் கொண்டுவந்தவர் ஃபிரெட்ரிக் சார். பியூரெட்டில் திரவத்தின் அடிவளைவைக் கண்ணுக்கு நேரே வைத்து 6.3 என்று படித்துப் பழகியவருக்கு, ஒரு ஆல்பத்தை "சுமாராக ஆறு" என்று சொல்வது அநாகரிகமாகப் பட்டிருக்கிறது. அவர் கையிலிருந்து எட்டுக்கு மேல் யாரும் வாங்கியதில்லை. ஒருவருக்கு 2.7 போட்டு, "இந்த ஆல்பத்தின் சிறந்த பகுதி, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வரும் மௌனம், அதுவும் கொஞ்சம் நீளம்" என்று எழுதினார். அந்த ஆல்பத்தைப் போட்டவர் அடுத்த மாதமே கிடாரை விற்றுவிட்டு ஜிம்மில் சேர்ந்ததாகக் கேள்வி.

அவருடைய முறையும் கறாரானது. ஆல்பத்தின் பக்கத்தில் போட்டிருக்கும் விவரம் எதையும் முன்கூட்டிப் படிக்கமாட்டார், முன்முடிவு வந்துவிடுமாம். எத்தனை நிமிடம் என்பதைக்கூட லேபிலிருந்து கொண்டுவந்த ஸ்டாப்வாட்சை வைத்துத் தானே அளப்பார். "அடுத்தவன் எடுத்த ரீடிங்கை நான் எழுதறதில்ல" என்பார். இந்த வாக்கியம் எங்கள் தளத்தில் திருக்குறள் மாதிரி.

அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் கல்யாணராமன். மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே வீடு, வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு வைத்திருந்தார். சோபா எந்த இடத்தில் இருந்தால் சத்தம் சரியாகக் காதில் விழும் என்று கணக்குப் போட்டு, தரையில் சாக்பீஸால் கோடு கிழித்திருந்தார். வீடு பெருக்குகிறவர் சோபாவை நகர்த்தக் கூடாது. அதே ஹாலில்தான் டிவியும் இருந்தது. அவர் மனைவிக்கு அதில் மத்தியானம் ஒன்றிலிருந்து இரவு வரை சீரியல் உண்டு. ஆகவே அந்த ஸ்பீக்கரில் அவர் எப்போது பாட்டுக் கேட்டார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. ஃபிரெட்ரிக் சாரின் மார்க் வரும்வரை பொறுத்திருந்து, அதிலிருந்து பாயின்ட் ஒன்றோ இரண்டோ கூட்டிக் குறைத்து, இரண்டாயிரம் சொல்லில் ஒரு கட்டுரை போடுவார். நாங்களும் அப்படித்தான், எங்கள் கட்டுரை கொஞ்சம் சின்னதாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த நிலையில்தான் அன்புக்கரசியின் ஆல்பம் வந்தது. பெயர் 'மாடிக்கொடி'. ஒன்பது பாட்டு. அன்புக்கரசிக்கு முப்பது வயது இருக்கும். தி.நகரில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க். வீடு ஆதம்பாக்கம். மொட்டைமாடி அறையின் சுவர் முழுக்க மெத்தையும் போர்வையும் தொங்கவிட்டு, தலைக்கு மேல் விமானம் போகாத இடைவெளி பார்த்து, இரண்டு வருடமாகப் பதிவுசெய்த ஆல்பம்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை ஜொவிட்டா டீச்சரின் ஃபோன் பக்கெட் தண்ணீரில் விழுந்துவிட்டது. டீச்சர் வேறொரு பள்ளியில் கணக்கு எடுக்கிறவர். ஆசிரியர் பயிற்சி என்று மேலிடத்திலிருந்து அனுப்பிய பன்னிரண்டு மணி நேர ஒலிப்பதிவை ஞாயிற்றுக்கிழமைக்குள் கேட்டு முடித்தாக வேண்டும். கணவரின் ஃபோனை வாங்கி, அதில் இருந்த பிளேயரிலேயே கேட்டார். ஞாயிறு காலைப் பூசைக்கு முன்னால் கேட்டு முடித்து ஃபோனைத் திருப்பித் தந்துவிட்டார்.

பூசை முடிந்து வந்து, இடியாப்பம் சாப்பிட்டுவிட்டு, ஃபிரெட்ரிக் சார் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஸ்டாப்வாட்சை அழுத்தினார்.

முதல் பாட்டிலேயே நிமிர்ந்து உட்கார்ந்ததாகச் சொன்னார். அப்படி ஒரு பரபரப்பை வீட்டில் செய்த ஆல்பங்களில் அவர் கேட்டதே இல்லை. மதியம் பன்னிரண்டு மணிக்கு விமரிசனம் வெளியானது. எங்களுக்கு அது மனப்பாடம்:

"இது பாட்டல்ல, ஓட்டம். கிளம்பிவிட்ட பஸ்ஸின் பின்னால் ஓடிக் கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொள்ளும் சென்னைக்காரியின் மூச்சிரைப்பு. ஒவ்வொரு சொல்லும் முன்னால் போகும் சொல்லின் முதுகில் இடிக்கிறது. நிற்க நேரமில்லாத நகரத்துக்கு நிற்காத குரல். முப்பத்து மூன்றே நிமிடங்கள். ஒரு விநாடி வீண் இல்லை. 9.1."

ஒன்பது! தளம் ஆடிப்போனது. ஒருவர் "சார், உங்க ஐடியை யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா?" என்று கேட்டார். மாலைக்குள் ஆறு விமரிசனங்கள். புதன்கிழமைக்குள் முப்பத்தெட்டு. கல்யாணராமன் 9.2 போட்டு, "முப்பத்து மூன்று நிமிடத்தில் ஒரு மாநகரத்தின் நாடித்துடிப்பை அளந்துவிட்டார் இந்த இளம் கலைஞர். என் வீட்டு ஸ்பீக்கரில் அந்த வேகம் சூறாவளியாகவே வந்து மோதியது" என்று எழுதினார். ஒருவர் மின்சார ரயிலோடு ஒப்பிட்டார். ஒருவர் குதிரை என்றார். "கேட்டு முடித்ததும் எனக்கு மூச்சு வாங்கியது" என்று எழுதியவன் நான். உண்மையில் முதல் பாட்டில் பாதியும் இரண்டாவது பாட்டில் கால்வாசியும் கேட்டிருந்தேன், அதுவும் ஆபீசில் பிரீமியம் ரசீதுகளுக்கு நடுவில். ஏதோ நிதானமாகப் போகிறதே என்று ஒரு கணம் தோன்றியது. ஃபிரெட்ரிக் சார் சொன்ன பிறகு நிதானமாக எப்படி இருக்கும்? வேகம் இனிமேல் வரும் என்று நினைத்து மூடிவிட்டேன். 8.9.

ஒரே ஒருவர்தான் வேறு மாதிரி எழுதினார். டில்லிபாபு. நொச்சிக்குப்பத்தில் மைக் செட், ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவர். குப்பத்தைக் காலிசெய்தபோது அரசாங்கம் குடும்பத்தைப் பெரும்பாக்கம் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டது. கடை மட்டும் இங்கேயே. புது ஸ்பீக்கர் பெட்டி வாங்கினால் அதில் போட்டுப் பார்க்கப் புதுப் பாட்டு வேண்டும் என்பதற்காக எங்கள் தளத்தில் சேர்ந்தவர். அவர் எழுதியது இவ்வளவுதான்:

"பாட்டு ரொம்ப ஸ்லோவா கீது. ஆனா நல்லா கீது. ஆறாவது பாட்டுல கேஸ் சிலிண்டர் உருட்டிகினு போற சத்தம் லெஃப்ட்லேர்ந்து ரைட்டுக்கு போவுது பாருங்க, சூப்பர். மொத்தம் 41 நிமிசம். மார்க் போட தெர்ல."

அதற்குக் கீழே பதினொரு பதில். "காதைச் சுத்தம் செய்து எத்தனை நாளாச்சு?" என்றார் ஒருவர். கல்யாணராமன், "நண்பரே, கேட்பதும் ஒரு பயிற்சி. கல்யாண மண்டபத்தில் வைக்கிற சத்தத்துக்குப் பழகிய காதுக்கு நுட்பமான வேகம் பிடிபடாது" என்று கருணையோடு எழுதினார். ஃபிரெட்ரிக் சார் ஒரே வரியில் முடித்தார்: "41 அல்ல, 33. அளந்த பிறகே எழுதுகிறவன் நான்." இந்த வரிக்கு நூற்றுப் பதினேழு பேர் கைதட்டல் பொம்மை போட்டார்கள். நான் சிரிப்புப் பொம்மை.

ஆல்பத்தின் பக்கத்தில், அட்டைப்படத்துக்கு நேர் கீழே, 41:15 என்று பளிச்சென்று போட்டிருந்தது. அதை ஆயிரத்து நானூறு பேரில் ஒருவரும் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஃபிரெட்ரிக் சாருக்கு அன்புக்கரசியிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"வணக்கம் சார். உங்க விமரிசனத்தைப் பிரின்ட் எடுத்து எங்க பிராஞ்சில் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்காங்க. மேனேஜர் கேக் வெட்டினார். ரொம்ப நன்றி. ஒரு சின்னச் சந்தேகம். முப்பத்து மூணு நிமிஷம்னு போட்டிருக்கீங்க. நான் நாற்பத்தொன்றே கால் நிமிஷம் பதிவு செஞ்சேன். நான் ஏத்தினதில் ஏதாவது பாட்டு விட்டுப்போயிருக்கா சார்? சொன்னால் திரும்ப ஏத்திடறேன். எல்லாரும் வேகம் வேகம்னு எழுதறாங்க, அதுவும் எனக்குப் புரியலை. தப்பா எடுத்துக்காதீங்க."

ஃபிரெட்ரிக் சார் ஃபோனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். ஜொவிட்டா டீச்சர் பட்டினப்பாக்கத்தில் வாங்கிவந்த நெத்திலியை முறத்தில் கொட்டித் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பொண்ணுக்கு அவங்க ஆல்பம் எத்தனை நிமிஷம்னே தெரியல" என்றார்.

"அவங்கதானே பாடினாங்க?" என்றார் டீச்சர்.

"பாடினா? நான் ஸ்டாப்வாட்ச் வெச்சு எடுத்தேன். முப்பத்து மூணு."

"எத்தனை பாட்டு?"

"ஒம்பது. ஒம்பதும் கேட்டேன். ஒண்ணும் விடல."

"அப்போ எட்டே கால் நிமிஷம் எங்க போச்சு?" டீச்சர் ஒரு நெத்திலியைக் கையில் பிடித்தபடியே யோசித்தார். "ஏங்க, முப்பத்து மூணை ஒண்ணே காலால பெருக்குங்க."

"எதுக்கு?"

"பெருக்குங்களேன்."

"முப்பத்து மூணு... எட்டே கால்... நாப்பத்தொண்ணே கால்."

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் கணவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ஐயோ, தப்பு என்னோடதுங்க. அந்த டிரெயினிங்கை ஒண்ணே கால் ஸ்பீடுல வெச்சுத்தான் கேட்டேன். திருப்பி மாத்த மறந்துட்டேன். அந்த ஆளு பேசறதை நார்மல்ல கேட்டா, அவர் முன்னுரை முடிக்கறதுக்குள்ள நான் ரிடையர் ஆயிடுவேன்."

பிளேயரின் வலது மூலையில், எறும்பு அளவுக்கு, 1.25 என்று இருந்தது. ஃபிரெட்ரிக் சார் அதைக் கண்ணுக்கு நேரே வைத்துப் படித்தார்.

அன்று அவர் மீன் சாப்பிடவில்லை. தளத்தில் போடுவதற்கு ஒரு விளக்கம் எழுத உட்கார்ந்தார். முதல் வரைவில் பிளேயர் செய்த கம்பெனியைக் குறை சொல்லியிருந்தார். இரண்டாவதில், நம் காலத்து மனிதனின் செவியே வேகமாகிவிட்டது என்று காலத்தைக் குறை சொல்லியிருந்தார். மூன்றாவதில் மனைவியை. மூன்றாவதை டீச்சர் படித்துவிட்டதால் எதுவும் வெளியாகவில்லை.

"மொதல்ல அந்தப் பாட்டை ஒழுங்கா ஒரு தடவ கேளுங்க" என்றார் டீச்சர். "அப்புறம் எழுதலாம்."

சனிக்கிழமை லேபில் ஆள் இல்லாத நேரத்தில், வேகத்தை ஒன்றில் வைத்து, கேட்டார். முதல் இரண்டு பாட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. மூச்சிரைத்து ஓடிய சென்னைக்காரி இப்போது பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது பரவாயில்லை. நான்காவதில் தூங்கிவிடுவோமோ என்று எழுந்து நின்றார். ஆறாவது பாட்டு கேஸ் சிலிண்டருக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். வரவில்லை. நடுவில் ஓரிடத்தில் பாடுவதை நிறுத்திவிடுகிறாள். மூச்சு மட்டும் கேட்கிறது. தூரத்தில், தெருவில், சிலிண்டர் உருளும் சத்தம். அது நெருங்கி வருகிறது, வீட்டைத் தாண்டுகிறது, அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது. அதன் பிறகு அவள் மறுபடியும் அதே வரியைப் பாடுகிறாள், முதலில் பாடியதைவிட மெதுவாக.

இடமிருந்து வலம். டில்லிபாபு சொன்னது சரி. ஞாயிற்றுக்கிழமை கேட்டபோது இந்த இடத்தைத் தான் கவனிக்கவே இல்லை என்பதுதான் அவரை உறுத்தியது. வேகம் தப்பானது மனைவியால். கவனிக்காதது யாரால்?

பிறகு முப்பத்தெட்டு விமரிசனங்களையும் எடுத்துப் படித்தார். லேப் ஆள் அல்லவா, எண்ணினார். பத்தொன்பது பேர் முப்பத்து மூன்று நிமிடம் என்று எழுதியிருந்தார்கள். இருபத்தேழு பேர் வேகத்தைப் புகழ்ந்திருந்தார்கள். எல்லோர் வீட்டு பிளேயரையுமா ஜொவிட்டா டீச்சர் இரவல் வாங்கியிருப்பார்?

அடுத்த ஞாயிறு தி.நகரில் தளத்தின் ஆண்டுவிழா. பாண்டி பஜாருக்குப் பக்கத்தில் ஒரு சைவ ஓட்டலின் மாடியில் சின்ன ஹால். ஃபிரெட்ரிக் சார் ஐந்நூறாவது விமரிசனத்தை எட்டியதற்குப் பொன்னாடை, அன்புக்கரசிக்குச் சிறப்பு விருந்தினர் நாற்காலி. நாற்பத்தாறு பேர் வந்திருந்தோம். இணையத்தில் ஒருவரையொருவர் கொன்றவர்கள் நேரில் "நீங்கதானா சார் அது!" என்று கைகுலுக்கிக்கொண்டார்கள். மைக் செட் டில்லிபாபுவுடையது. உறுப்பினராக அவரைக் கூப்பிடவில்லை; மைக் செட்டுக்குத்தான் கூப்பிட்டிருந்தார்கள். மூலையில் ஒலி மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

கல்யாணராமன் மைக்கைப் பிடித்தார். "வேகம்னா என்ன? எங்காத்துல நான் இந்த ஆல்பத்தைப் பதினெட்டுத் தடவை கேட்டுட்டேன். ஒவ்வொரு தடவையும் நாற்காலியோட கையைக் கெட்டியாப் பிடிச்சுண்டுதான் கேக்கறேன். முப்பத்து மூணு நிமிஷம், ஒரே பாய்ச்சல்! நடுவுல ஒரு மூச்சு விட இடம் இருக்கா? இல்லை!"

முன்வரிசையில் அன்புக்கரசி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, மண்டபம் மாறி வேறு கல்யாணத்துக்கு வந்துவிட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

பொன்னாடை போர்த்தியதும் ஃபிரெட்ரிக் சார் ஏற்புரைக்கு எழுந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்துவிட்டார்.

"நான் இந்த ஆல்பத்தைத் தப்பான ஸ்பீடுல கேட்டுட்டேன்" என்றார். "ஒண்ணே கால் மடங்கு. வீட்டுல வேற ஒரு வேலைக்கு வெச்ச ஸ்பீடு, நான் பார்க்கல. முப்பத்து மூணு தப்பு, நாப்பத்தொண்ணே கால்தான் சரி. வேகம்னு நான் எழுதினது எதுவும் அந்தப் பாட்டுல கிடையாது. டில்லிபாபு சரியா எழுதினாரு. அவரைப் போய் நான் மட்டம் தட்டினேன். மன்னிக்கணும் டில்லிபாபு."

மூலையில் டில்லிபாபு எழுந்து நின்றுவிட்டார். "ஐயோ, இன்னா சார் நீங்க... அத்த வுடு சார்" என்றார். அவர் முகத்தில் சந்தோஷத்தைவிடக் கூச்சம்தான் தெரிந்தது.

முதலில் சுதாரித்துக்கொண்டவர் கல்யாணராமன். "இதுல மன்னிப்புக்கு என்ன ஓய் இருக்கு? ஒண்ணே கால் ஸ்பீடுலதான் இதோட ஆத்மா வெளிப்படறதுன்னா, அதுதான் சரியான ஸ்பீடு. பாடினவா தப்பா ரெக்கார்ட் பண்ணியிருக்கலாமோன்னோ?"

"சார், நான் இங்கதான் இருக்கேன்" என்றார் அன்புக்கரசி.

"நீங்க எந்த ஸ்பீடுல கேட்டீங்க, கல்யாணராமன் சார்?" என்று ஃபிரெட்ரிக் சார் கேட்டார். அவர் குரலில் கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நானா? நம்மாத்து சிஸ்டத்துல..."

"அதுல ஸ்பீடு மாத்த முடியாதேன்னு கேட்டேன்."

கல்யாணராமன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிறையக் குடித்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் நிறையப் பேர் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், ஆறாவது பாட்டு போடவா?" என்றார் டில்லிபாபு. யாரும் வேண்டாம் என்று சொல்லாததால் போட்டார்.

வந்திருந்த விமரிசகர்களில் பெரும்பாலானவர்கள் அந்தப் பாட்டை முதல்முறையாகக் கேட்டது அப்போதுதான். டில்லிபாபு பெட்டிகளை இரண்டு பக்கமும் தள்ளி வைத்திருந்தார். சிலிண்டர் ஜன்னல் பக்கத்தில் ஆரம்பித்து, தலைகளுக்கு மேலே உருண்டு, மாடிப்படி வழியாக இறங்கிப் போனது. ஒருவர் நிஜமாகவே திரும்பிப் பார்த்தார். செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன். நிமிர்த்தியது குற்ற உணர்ச்சியா பாட்டா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பாட்டு முடியும் முன்பே சர்வர்கள் சாம்பார் வடையோடு வந்துவிட்டார்கள். பாதிப் பேர் எழுந்துபோய்த் தட்டு வாங்கினார்கள்.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் இறங்கும்போது, படிக்கட்டில் அன்புக்கரசி ஃபிரெட்ரிக் சாரைப் பிடித்துக்கொண்டார். நான் இரண்டு படி பின்னால் இருந்தேன்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க! எங்க ஆபீசுல கேக்கெல்லாம் வெட்டிட்டாங்களே. இப்ப போய் என்ன சொல்லுவேன்?"

"நானே வேணா வந்து சொல்றேன்மா."

"வேணாம் சார், மேனேஜருக்கு பிரஷர் இருக்கு." ஒரு படி இறங்கித் திரும்பினார். "நிஜமா எவ்ளோ போடுவீங்க?"

"மார்க்கா?" ஃபிரெட்ரிக் சார் பொன்னாடையை மடித்து மடித்துக் கைக்குட்டை அளவுக்குக் கொண்டுவந்திருந்தார். "மொதல் ரெண்டு பாட்டு இழுக்குதும்மா. நாலாவதுல எனக்குத் தூக்கம் வந்துருச்சு. ஆறாவது, நீங்க பாடாம நிறுத்தற எடம்... அந்த மாதிரி நான் கேட்டதில்ல. இதைக் கூட்டி ஒம்பதால வகுத்தா என்ன வரும்னு நானும் போட்டுப் பாத்தேன். வர்ற நம்பர் எதுக்கும் சம்பந்தமில்லாம இருக்கு."

"ரெண்டாவது இழுக்குதுன்னு எனக்கும் தெரியும் சார்" என்றார் அன்புக்கரசி. "முப்பத்தெட்டு பேர்ல ஒருத்தர்கூடச் சொல்லல."

அவர் கோபமாக இருந்தாரா, நிம்மதியாக இருந்தாரா என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

அதன் பிறகு தளத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எது சரியான வேகம் என்று வாக்கெடுப்பு நடந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் வாக்களித்தார்கள். ஒன்றே கால் ஜெயித்தது. கல்யாணராமன் 'வேகமும் ரசனையும்' என்று மூன்று பாகங்களில் எழுதினார். தோற்ற அணியினர் தனியாக ஒரு வாட்ஸாப் குழு தொடங்கி, இரண்டே வாரத்தில் அதற்குள்ளும் இரண்டாகப் பிரிந்தார்கள். ஃபிரெட்ரிக் சார் தன் விமரிசனத்தை நீக்கச் சொல்லி மூன்று முறை எழுதினார். அதுதான் தளத்திலேயே அதிகம் படிக்கப்பட்ட பக்கம் என்பதால் நிர்வாகிகள் மறுத்துவிட்டார்கள். மற்றவர்கள் சத்தமில்லாமல் தங்கள் விமரிசனங்களைத் திருத்தினார்கள். நானும் ஆண்டுவிழா அன்று மாலையே உட்கார்ந்து 'முப்பத்து மூன்றே' என்பதை எடுத்துவிட்டு 'நாற்பத்தொன்றே' என்று போட்டேன். மற்ற வரிகளில் கை வைக்கத் தேவைப்படவில்லை. எந்த ஆல்பத்துக்கும் பொருந்தும்படிதான் எழுதியிருந்தேன்.

ஃபிரெட்ரிக் சார் அங்கே எழுதுவதைக் குறைத்துக்கொண்டார். சனிக்கிழமை மத்தியானங்களில் டில்லிபாபுவின் கடைக்குப் போகிறார். நான் ஒருமுறை போயிருந்தேன். வெளியே ஐஸ் பெட்டிகளும் வலைகளும், உள்ளே கழுத்தளவு ஸ்பீக்கர்கள். இரண்டு பேரும் மணிக்கணக்காக ஒரு பாட்டைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள்.

"இன்னா சார் பேஸ் சவுண்டு இல்லன்றீங்க? பேஸ் கீது. நீங்க குந்திகினு கீற எடத்துல இல்ல. எழுந்து இந்தாண்ட வா சார்."

சார் எழுந்து அந்தாண்டை போய் நின்றார். காதைச் சாய்த்தார். "ஆமா, இருக்கு" என்றார். நான் தளத்தில் சேர்ந்த நாலரை வருடத்தில் அவர் யாரிடமும் "ஆமா" என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

இந்த ஜனவரியில் அடையாறில் ஒரு காபிக் கடையின் பின்கட்டில் அன்புக்கரசி பாடினார். ஒலி அமைப்பு டில்லிபாபு. இருபது நாற்காலி போட்டிருந்தார்கள், பதினேழு நிறைந்தன. வங்கிக் கிளையிலிருந்து நான்கு பேர், தளத்திலிருந்து நானும் இன்னும் இரண்டு பேரும். கல்யாணராமன் வரவில்லை. ஆனால் மறுநாள் அந்த நிகழ்ச்சியைப் பற்றி அவருடைய கட்டுரை வந்தது. நன்றாகவே இருந்தது.

இரண்டாவது பாட்டை அன்புக்கரசி பாதியாக வெட்டியிருந்தார். முன்வரிசையில் ஃபிரெட்ரிக் சார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜொவிட்டா டீச்சருக்குப் பக்கத்தில் அன்புக்கரசியின் அம்மா. ஆறாவது பாட்டில் மகள் பாடுவதை நிறுத்தி, பதினேழு பேரும் சிலிண்டருக்காகக் காத்திருந்த அந்த இடத்தில், அந்த அம்மா டீச்சரின் பக்கம் சாய்ந்து, நான்கு வரிசைக்குக் கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னார்:

"இவ சின்னதுலேர்ந்தே இப்படித்தாங்க. ஒரு இட்லியை வெச்சிக்கிட்டு அரை மணி நேரம் உக்காந்திருப்பா. வேன்காரன் ஹாரன் அடிச்சு அடிச்சுப் பாத்துட்டுப் போயிடுவான்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மேடையில் அன்புக்கரசிக்கும் கேட்டிருக்க வேண்டும். உதடு ஒரு பக்கம் கோணியது. ஆனாலும் அவசரப்படவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் சும்மாவே நின்றுவிட்டு, அப்புறம் பாடினார்.